சாமைக்குத் தண்ணீர் ஊற்றிய வாத்தியார்

"தப்பு! நான் சொன்னது தப்பு!" என்று ஓர் ஆண்பிள்ளை வாய்விட்டுக் கூவிக்கொண்டு வீடு வீடாக ஓடியதை மலைமேல் எங்கள் வாழவந்தி நாட்டு ஊர்களில் அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. பின்னாலும் பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன். என் அப்பா, பெரியப்பா, ஊர்க்கவுண்டர் எல்லாம் தப்பே செய்யாதவர்களா என்று கேட்காதீர்கள். செய்வார்கள். செய்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இந்த மனுஷர் ஒருத்தர்தான் தன் தப்பு அகப்பட்டால் புதையல் அகப்பட்ட மாதிரி குதிப்பார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தவர். யுத்தம் நடந்த சமயம். மலைக்கு ரோடு கிடையாது. ராசிபுரத்துப் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தார். தகரப்பெட்டியைச் சுமந்து வந்த ஆள் நடந்துதான் வந்தான். இவர் ஓடி வந்தார். ஒல்லி உடம்பு, விரிந்த காது, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பார். கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்திலேயே படுக்கை, அங்கேயே சமையல்.

வந்த அன்றைக்குச் சாயங்காலம் சோலைக்குள்ளிருந்து குரைக்கிற சத்தம் கேட்டது. "யாரு ஊட்டு நாய் காட்டுக்குள்ள போயி மாட்டிக்கிச்சு?" என்று கேட்டார்.

"நாயில்லீங்க, கேளையாடுங்க" என்றோம்.

"ஆடு குரைக்குமா? மலைக்குப் புதுசுன்னு என்னை ஏய்க்கப் பாக்கறீங்களா? அது நாய்தான் சாமி."

மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு சோலைக்குள் போனோம். முள்ளில் வேட்டி கிழிந்தது. அட்டை கடித்தது. மனுஷர் அசையவில்லை. ஒரு புதருக்குப் பின்னால் கேளையாடு நின்றது. மான் மாதிரி உருவம், நாய் மாதிரி குரல். ஒவ்வொரு தடவை குரைக்கும்போதும் அதன் கழுத்து வெட்டி இழுத்ததைக் கண்ணால் பார்த்தார். அவ்வளவுதான். கிழிந்த வேட்டியோடு ஊருக்குள் ஓடினார். வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த என் அம்மா முன்னால் வந்து நின்று, "நாயில்லீங்க, கேளையாடேதானுங்க! நான் சொன்னது தப்புங்க!" என்றார். அடுத்த வீட்டுக்கும் ஓடினார்.

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "தோத்துப்போயிட்டு இப்படிச் சிரிக்கற ஆம்பளைய இப்பத்தான் பாக்கறேன்" என்றாள்.

"புத்தி கொஞ்சம் கொறைச்சலா இருக்கும்" என்றார் அப்பா.

எனக்கோ அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போனது. அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அம்மா சண்டை போட்டு அனுப்பிவைத்தாள். பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. வாத்தியாரின் தப்பை யார் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்கு அன்று பொழுது சாய்கிற வரைக்கும் அந்த நாற்காலி. அவர் தரையில் உட்கார்ந்து பாடம் சொல்லுவார். அதில் அதிக நாள் உட்கார்ந்தது நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்? பலகையில் அவர் பெருக்கல் கணக்கை வேகமாகப் போடும்போது நான் அவர் கையைப் பார்க்கமாட்டேன், கணக்கைப் பார்ப்பேன். "ஐயா, தப்பு" என்று நான் எழுந்தால், அவர் முகம் விளக்கு ஏற்றின மாதிரி ஆகிவிடும். "எங்கே, எங்கே, காட்டு கண்ணு!"

ஒருநாள் ஊர்க்கவுண்டர் எட்டிப் பார்த்தார். நான் நாற்காலியில், வாத்தியார் என் காலடியில் மண்தரையில்.

"என்னங்க வாத்தியாரே, கலெக்டரம்மா எப்ப மலைக்கு வந்தாங்க?"

"கணக்குல என்னைப் புடிச்சுட்டாங்க, அதானுங்க" என்றார் இவர், எழுந்திருக்காமலே.

ஊர்க்கவுண்டர் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அப்பா காதுக்குப் போனது. அவர் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் ஆவணியில் வாத்தியாருக்கு ஒரு யோசனை வந்தது. விதைக்குத் தண்ணீர் எவ்வளவு வேணும் என்று பிள்ளைகளோடு சேர்ந்து சோதித்துப் பார்க்கணும். "எந்த விதையா இருந்தாலும் சரி, தினமும் குடிச்சதுதான் நல்லா வளரும். அப்படித்தான் எனக்குத் தோணுது. பாத்துருவோம்" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். ஆளுக்கொரு மூங்கில் குழாய் வெட்டி வரச் சொன்னார்.

எங்கள் மலையில் மூங்கில் குழாய் வெட்டுவது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கணு அடியில் நிற்கும்படி வெட்டணும். தண்ணீர் கொண்டுபோகவும், தேன் ஊற்றவும், உப்புப் போட்டு வைக்கவும் அதுதானே பாத்திரம்? ஒழுகுகிற குழாய் வெட்டினவனை ஊரே கேலி பேசும். அதனால் எல்லோரும் கணு கெடாமல், சொட்டுத் தண்ணீர் கசியாத குழாய்களாகப் பார்த்து வெட்டிக்கொண்டு போனோம். வாத்தியார் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, "பலே, பலே" என்றார்.

சாமை, கேழ்வரகு, நெல், அவரை. ஒவ்வொரு விதைக்கும் இரண்டு குழாய். ஒன்றுக்குத் தினமும் தண்ணீர். அதற்குக் கரியால் ஒற்றைக்கோடு. மற்றதற்கு மண் காய்ந்தால் மட்டும், அதற்கு இரட்டைக்கோடு. மழை படாமல் கூரைக்கு உள்ளே சுவரோரமாக வரிசையாக நிறுத்தினோம். சுரைக்குடுக்கையால் அளந்து ஊற்றுகிற வேலையை என்னிடம் கொடுத்தார். வேறு யார் கையும் குடுக்கையில் படவிடமாட்டேன்.

ஐயோ, அந்த நாட்களில் இருந்த துடிப்பை எப்படிச் சொல்ல! விடிந்ததும் விடியாததுமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். எங்களுக்கு முன்னால் வாத்தியார் குப்புறப் படுத்துக் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை விதை மண்ணைப் பிளந்துகொண்டு வந்த அன்றைக்குப் பாடமே கிடையாது. எல்லோரும் சுற்றிப் படுத்துக்கொண்டோம். கழுத்து வளைந்திருந்த முளை கொஞ்சம் கொஞ்சமாகத் தலை தூக்கியது. "பேசாதீங்க, பேசாதீங்க, நிமிருது" என்று அவர்தான் கத்திக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் பேசவே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து அப்பா வந்து வாசலில் நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரே, சாமை பால் புடிக்கப் போவுது. கிளி வந்து விழுகும். ஓட்டறதுக்கு ஆளில்லை. புள்ளைய அனுப்புங்க."

எனக்குத் தெரியும். காட்டுக் காவலுக்குப் போன பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பாது. சாமைக்குப் பிறகு கேழ்வரகு, அதற்குப் பிறகு களத்து வேலை, அப்புறம் கல்யாணம்.

"சோதனை நடக்குதுங்க. முடியட்டுமுங்க" என்றார் வாத்தியார், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு.

"என்னா சோதனை?"

வாத்தியார் சொன்னார். அப்பா குழாய்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "தினமும் தண்ணி ஊத்துனா சாமை வேரோட அழுவிப்போவுமுங்க."

"அழுவாதுங்க."

"எங்க பாட்டன் காலத்துல இருந்து சாமை போடறோம்."

"தினமும் ஊத்திப் பாத்திருக்கீங்களா?"

"பைத்தியமா எங்களுக்கு?"

"அப்ப எப்படித் தெரியுமுங்க?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி, வாத்தியாரே. அழுவிட்டா?"

"அழுவிட்டா நான் சொன்னது தப்பு. உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க."

"அழுவலீன்னா?"

"இந்த வருசம் பூராப் பள்ளிக்கூடத்துல இருப்பா."

"ஆகட்டும்" என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பந்தயம் போட்டவர்கள் இரண்டு பேர். பந்தயப் பொருளாக நின்றது நான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கப்புறம் நான் அவரையைப் பார்க்கவில்லை, நெல்லைப் பார்க்கவில்லை. ஒற்றைக்கோடு போட்ட சாமைக் குழாய் ஒன்றையே பார்த்தேன். முதலில் இரண்டு சாமையும் ஒன்றுபோலத்தான் வந்தன. ஊசி மாதிரி, பச்சையாக. தினமும் தண்ணீர் குடித்த நெல் கொழுத்துக்கொண்டு வளர்ந்தது. வாத்தியார் விளக்குமாற்றுக் குச்சியை வைத்து அளந்து, "பாத்தியா, பாத்தியா" என்றார். எனக்கும் தெம்பு வந்தது. பிறகு ஒருநாள் சாமையின் அடித்தாள் வெளுத்திருந்தது. மறுநாள் மஞ்சள். குனிந்தால் ஒரு கெட்ட வாடை. கேழ்வரகும் அவரையும் கூடவே சோர்ந்துபோயின. இரட்டைக்கோட்டுச் சாமையோ கம்பி மாதிரி நின்றது.

பிள்ளைகள் எல்லாம் விளையாடப் போயிருந்த நேரம் நான் அவரிடம் போனேன். "ஐயா, கோட்டை மாத்திப் போட்டுருங்க. கரிதானே? அழிச்சுட்டு மாத்திப் போட்டா எங்க அப்பாவுக்குத் தெரியாதுங்க."

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "மாத்திட்டா, சாமைக்கு எது புடிக்கும்னு நமக்கு எப்படித் தெரியும் கண்ணு?"

அந்த முகத்தில் என்னைப் பற்றி ஒரு துளி நினைப்பும் இல்லை. சாமைதான் இருந்தது. எனக்கு அவர்மேல் வந்த கோபம் இப்போது நினைத்தாலும் சுடுகிறது. இவருக்குத் தோற்பது விளையாட்டு. தோற்றால் காட்டுக்குப் போவது நானல்லவா?

அப்பா வருகிறார் என்று தெரிந்ததும் வாத்தியார் பாதையிலேயே எதிர்கொண்டு ஓடினார். "வாங்க, வாங்க! நான் தோத்துட்டேனுங்க! வந்து பாருங்க, என்னமா அழுவியிருக்குது!" அப்பா சண்டைக்குத் தயாராக வந்தவர். இப்படிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார் என்று எதிர்பார்க்கவில்லை. குழாயைப் பார்த்தார். முகர்ந்தார். ஜெயித்துவிட்டோமென்று சிரிக்கக்கூட அவருக்கு வழியில்லை. இவர் முந்திக்கொண்டு சிரித்துவிட்டாரே.

"பொறப்புடு புள்ள" என்றார் என்னிடம்.

நான் என் சிலேட்டுப் பலகையைக் கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தேன். அப்போதுதான் வாத்தியாருக்கு உறைத்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அழுகின சாமைக் குழாயைக் கையில் பிடித்தபடி முற்றத்தில் நின்றார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

எங்கள் சாமைக்காடு பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சரிவில். நடுவில் பரண். பரணில் நின்றுகொண்டு நான் கிளிகளைத் திட்டின திட்டு அவற்றுக்கு மட்டும் உரியதல்ல. "ஓடு, ஓடு! பந்தயம் கட்டறியா, பந்தயம்!" என்று கவண் சுழற்றுவேன். என் குரல் அப்படிப்பட்ட குரல். நான் கத்தினால் பக்கத்துக் காட்டுக் கிளியும் சேர்ந்து பறக்கும்.

மழை பிடித்துக்கொண்டது. தினமும் மழை. காலையில் மூடுபனி, மத்தியானம் மழை, சாயங்காலம் மறுபடி மழை. பரணில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், ஒருநாள் சட்டென்று எழுந்து நின்றேன். தினமும் தண்ணீர்! எங்கள் சாமை தினமும், வாய் ஓயாமல் குடிக்கிறது. ஒரு தாளாவது மஞ்சளாகணுமே? சரிவு முழுக்கப் பச்சைப்பசேலென்று நிற்கிறது!

இறங்கி ஓடிப்போய்ச் சாமையின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது, தண்ணீர் நிற்கவில்லை. சரிவில் பெய்தது சரிவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் ஊற்றினது எங்கே ஓடும்? நாங்கள்தான் கணு கெடாமல் வெட்டியிருந்தோமே!

எனக்கு உடம்பெல்லாம் பரபரவென்றது. அன்றைக்கே இரண்டு குழாய் வெட்டினேன். ஒன்றைக் கணுவோடு விட்டேன். மற்றதன் கணுவைக் கொடுவாள் முனையால் குத்தி எடுத்து, அடி திறந்தபடி மண்ணில் ஊன்றினேன். விதைக்கு அம்மாவிடம் போனேன். விதைக்கூடையின் அடியில் ஒட்டிக்கிடந்த சாமையைத் தட்டிக் கொடுத்தாள். "எதுக்குடி?" என்றாள். சொன்னேன். "உங்க அப்பங்கிட்டச் சொல்லாத. மொளைக்கட்டும்" என்றாள்.

இரண்டும் பரணடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே மண், ஒரே மழை. மழை பெய்யாத நாளில் நானே ஊற்றினேன். கிளியை விரட்டுவேன், இறங்கி வந்து பார்ப்பேன், மறுபடி ஏறுவேன். கணு வைத்த குழாயில் தாள் வெளுத்தது, மஞ்சளானது. அடி திறந்ததில் சாமை நிமிர்ந்து, காற்றுக்கு ஆடி, ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டது.

இரண்டையும் பிடுங்கிக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினேன். கிளி தின்றால் தின்னட்டும்! சேற்றுக்காலோடு பள்ளிக்கூடத்துக்குள் போய் நின்றேன்.

"ஐயா! நீங்க மறுபடியும் தப்பு!"

வாத்தியார் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே போட்டார். "எங்கே? எங்கே?"

"சாமைக்குத் தண்ணி ஆகாதுன்னு நீங்க ஒத்துக்கிட்டீங்களே, அது தப்புங்க. தண்ணி ஆவும். நிக்கத்தான் கூடாது. பாருங்க!" என்று அடி திறந்த குழாயைத் தூக்கிக் காட்டினேன். வேர் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் அதை வாங்கித் தலைக்கு மேல் தூக்கி அண்ணாந்து பார்த்தார். மண் அவர் கண்ணில் விழுந்தது. துடைக்கவில்லை. சுவரோரம் கிடந்த பழைய சாமைக் குழாயை எடுத்து முற்றத்தில் கவிழ்த்தார். கறுத்த தண்ணீர் கொழகொழவென்று ஊற்றியது. வாடை தாங்காமல் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வாத்தியார் ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். அப்புறம் "ஹோ!" என்று ஒரு கூச்சல். என் குழாய்கள் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் காட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். பள்ளிக்கூடமே அவர் பின்னால் ஓடியது. வழியில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். குழாய் கீழே படவில்லை.

அப்பா காட்டுப்பன்றி வராமல் வேலி கட்டிக்கொண்டிருந்தார். அம்மா முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணு என்னைத் தோக்கடிச்சுட்டாளுங்க!"

அப்பா நிமிர்ந்தார். "நீங்கதான் ஏற்கெனவே தோத்துட்டீங்களே. இன்னும் என்னா பாக்கி?"

"அந்தத் தோத்ததே தப்புங்க!"

அப்பா வேலியை விட்டுவிட்டு வந்து குழாய்களை வாங்கினார். கணு வைத்ததில் விரலை விட்டார், முகர்ந்தார். அடி திறந்ததில் விட்டார், முகர்ந்தார். பிறகு சரிவைப் பார்த்தார். மழைத் தூறல் அவர் மீசையில் நின்றது.

அம்மாதான் கேட்டாள். "அப்ப, தினமும் தண்ணி ஊத்துனாச் சாமை அழுவாது. அப்படித்தானே ஆச்சு? பந்தயத்துல செயிச்சது ஆரு?"

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "அப்படி முடிவாச் சொல்லிற முடியாதுங்க. நான் எல்லா விதைக்கும்னு சொன்னேன். அவரைக்கு இன்னும் அடி தொறந்து பாக்கலீங்க. கேழ்வரகுலயும் ஒரு சந்தேகம்…"

"நீங்க சித்த நேரம் சும்மா இருங்க சாமி!" என்று அம்மா ஒரு அதட்டுப் போட்டாள். வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டார். கண் மட்டும் சிரித்தது. பிறகு அந்தக் கண் என் பக்கம் திரும்பியது. இந்தத் தடவை அது சாமையைப் பார்க்கவில்லை. "சாமையப் பத்தி மட்டும்தான் பேச்சுன்னா," என்று மெதுவாகச் சொன்னார், "செயிச்சது உங்க பொண்ணுங்க."

அப்பா குழாய்களைப் பரண் காலில் சாய்த்து வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொன்னார்.

"விடிஞ்சா பள்ளிக்கூடத்துக்குப் போ."

"கிளிங்க?" என்றேன்.

"கிளிக்கு நானில்லையா?"

மறுநாள் காலையில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், முந்தின நாள் பாக்கி. வாத்தியார் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தோம். எதிர்ச்சரிவிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. பாவம், அவருக்குக் கிளியோட்டிப் பழக்கமில்லை. கரகரவென்ற குரல், பாதியில் உடைந்து இருமலாகிவிடும். பிள்ளைகள் கிளுகிளுவென்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன்.

வாத்தியார் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்தார். பிறகு தரையில் வந்து உட்கார்ந்தார். அப்பா கத்துகிறவரைக்கும் பேசாமல் இருப்பார். அப்பா மூச்சு வாங்குகிற இடைவெளியில் அடுத்த சொல்லைச் சொல்லுவார். நான் எழுதுவேன்.